‘இப்ப வராதேங்கோ’ என்று நான் ஏன் சொன்னேன்

என் மகனுக்கு,

நீ போனை எடுக்கிறாய் இல்லை. சரி, எடுக்காதே. கடிதம் என்றால் நடுவில் வெட்டிவிட ஏலாதுதானே, அதனால் எழுதுகிறேன். அன்று நீ போனில், வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு மேகலாவையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், பொங்கல் முடிய நான் வவுனியாவுக்குத் திரும்பிவிடுவேன், பிள்ளை பிறக்கும்வரை அவள் உங்களோடு நிற்கட்டும் என்று எவ்வளவு சந்தோசமாகச் சொன்னாய். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். தாயை இழந்த மேகலாவுக்கு நம் வீடுதான் தாய்வீடு என்று நீ நினைத்தது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் நான் என்ன சொன்னேன்? “இப்ப வராதேங்கோ. அவளைக் கூட்டிக்கொண்டு இந்தப் பக்கமே வர வேண்டாம்.” சொன்ன கையோடு போனையும் வைத்துவிட்டேன். பிறகு நீ “விளங்குது அம்மா” என்று ஒரு செய்தி அனுப்பினாய். அன்றிலிருந்து உன் குரலை நான் கேட்கவில்லை.

உனக்கு என்ன விளங்கியது என்று எனக்கு விளங்காதா? மேகலாவின் தாத்தா மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து, பிறகு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறியவர். நம் ஆட்கள் யாழ்ப்பாணத்திலிருந்து குளத்துத் திட்டத்தில் காணி கிடைத்து வந்தவர்கள். இரண்டு பகுதியும் வேறிடத்திலிருந்து வந்து இதே மண்ணைக் கொத்தியவர்கள்தான். ஆனாலும் உன் கலியாணப் பேச்சு நடந்தபோது இந்த வளவில் என்னென்ன கதைத்தார்கள் என்பதை நீ மறக்கவில்லை. அம்மாவும் கடைசியில் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டா, பேரப்பிள்ளை இங்கே பிறப்பது அவவுக்கு விருப்பமில்லை என்று முடிவு கட்டிவிட்டாய். வாகனம் திருத்துகிற கராச்சில் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே பிழை எங்கே என்று சொல்லுகிற ஆள் நீ. பெற்ற தாயின் குரலில் இருந்தது பயம் என்று மட்டும் உனக்குப் பிடிபடவில்லை. எனக்குக் கோபம் வந்தது தம்பி. இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டே முழுவதையும் சொல்கிறேன், ஆறுதலாக இருந்து வாசி.

ஆட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். சண்டை முடிந்து நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வந்தபோது இந்த வளவில் கிணறும் ஒரு பக்கச் சுவரும்தான் மிஞ்சியிருந்தன. தகரக் கொட்டிலுக்குள் இருந்தோம். வாழ்வாதாரத்துக்கு என்ன வேண்டும் என்று உதவி நிறுவனக்காரர் கேட்டபோது மற்றவர்கள் கோழி கேட்டார்கள், தையல் மெசின் கேட்டார்கள். அப்பா மட்டும் செம்மறி கேட்டார். வெள்ளாடு வேலி பாயும், பயிரைக் கடிக்கும், பிறகு ஊரோடு சண்டை பிடிக்க வேண்டும், செம்மறி ஊமைச் சாமான் என்பது அவருடைய நியாயம். வந்த சோடியில் ஒன்று குட்டி போட்டுவிட்டுச் செத்துப்போனது. அந்தக் குட்டியை நீதான் பால்மாவைக் கரைத்து, சூப்பிப் போத்தலில் பருக்கி வளர்த்தாய். அதற்கு நீ தாயாகிப் போனாய். புதுக்குடியிருப்புக்கு டியூசனுக்குப் போனால் சைக்கிளுக்குப் பின்னால் ஓடும். ஒரு நாள் வகுப்பு வாசலில் நின்று கத்தியதாம். “தம்பி, உன்ர தங்கச்சி வந்து நிக்கிறா, என்னெண்டு கேள்” என்று வாத்தியார் சொல்ல, வகுப்பே சிரித்ததாம். வெட்கப்பட்டுக்கொண்டு நீ அதைச் சைக்கிள் கூடைக்குள் இருத்திக்கொண்டு வந்த காட்சியை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். இன்று பட்டியில் நிற்கிறதெல்லாம் அதன் வாரிசுகள்தான்.

அந்த நாட்களில் உன்னை வளர்த்தது நான் மட்டும் இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அப்பாவின் அக்கா, உன் மாமி, இருந்தார். இடம்பெயர்ந்து ஓடின காலத்தில் உன்னைத் தோளில் சுமந்து நடந்தவர் அவர். கொட்டிலில் இருந்தபோதும் சோற்றுப் பானையின் அடியை உனக்கென்று சுரண்டி, சம்பல் போட்டுக் குழைத்து, உருண்டையாக்கி வைத்திருப்பார். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் என் குசினியை எட்டிப் பார்க்கமாட்டாய், நேரே வேலிப் பொட்டுக்குள்ளால், அந்தச் சின்ன இடைவெளிக்குள்ளால், புகுந்து மாமி வீட்டுக்குத்தான். எனக்கு எரிச்சலாக இருக்கும். “பெத்தது நானோ அவவோ” என்று அப்பாவோடு சண்டை பிடித்திருக்கிறேன். அப்பா சிரித்துவிட்டு, “அக்காவுக்கு வேற ஆர் இருக்கினம்” என்பார். அதற்குமேல் நானும் கதைக்கமாட்டேன். அப்படி வளர்த்த மனிசிதான் நீ மேகலாவைக் கட்டப்போகிறேன் என்றதும் அவளுடைய ஆட்களைப் பற்றி அந்தச் சொல்லைச் சொன்னார். அதை எழுத எனக்கு மனமில்லை, உனக்குத் தெரியும். கலியாணத்துக்கும் வரவில்லை. நீயும் அதற்குப் பிறகு அந்தப் பொட்டுக்குள்ளால் போகவில்லை. ஊரில் ஆயிரம் பேர் அந்தச் சொல்லைச் சொல்லியிருந்தாலும் நீ தாங்கியிருப்பாய். சொன்னது மாமி என்பதால்தான் அது உனக்கு ஆறாமல் கிடக்கிறது.

எனக்கு மேகலாவைப் பிடித்த நாளையும் சொல்லிவிடுகிறேன். நீ முதல்முதல் அவளைக் கூட்டி வந்தபோது ஒரு மறி, தாய்ச் செம்மறி, ஈனமாட்டாமல் கிடந்தது. குட்டியின் ஒரு கால் மடிந்துபோய், தலை மட்டும் வெளியே. என் கை தடித்த கை, உள்ளே போகாது. அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றார். புதுச் சீலையோடு நின்ற பிள்ளை, “நான் பாக்கவா அத்தை?” என்று கேட்டுவிட்டு, தேங்காய் எண்ணெயைப் பூசிக்கொண்டு கையை விட்டு, காலை நிமிர்த்தி இழுத்தாளே. குட்டி விழுந்ததும் அதன் மூக்கைத் தன் சீலைத் தலைப்பால் துடைத்தாள். புருசனின் தாயையும் நம் பக்கத்தில் மாமி என்றுதான் கூப்பிடுவோம். அவளுடைய ‘அத்தை’ எனக்கு முதலில் காதில் இடறியது. அன்றைக்குப் பிறகு வேறு விதமாகக் கூப்பிட்டால்தான் எனக்குக் குறை. அந்தக் கையை நினைத்துத்தான் இன்றைக்கு நான் பயந்துபோய் இருக்கிறேன் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசி.

தைப்பொங்கலுக்கு நீங்கள் வந்தபோது நெல் வைக்கிற அறையில் எலித் தொல்லை என்று நான் புலம்பினேன். அறுவடை முடிந்து மூட்டைகள் வந்து இறங்கினால் என்ன செய்வது என்று கவலை. மேகலா போய், அடுத்த கிழமையே தனியாகப் பஸ் ஏறி வந்து இறங்கினாள், மடியில் பெட்டி, பெட்டிக்குள் பூனைக்குட்டி. அவள் படிப்பிக்கிற முன்பள்ளியில் யாரோ ஒரு பிள்ளையின் வீட்டில் கேட்டு வாங்கினதாம். எனக்கு அது எவ்வளவு பெரிய சந்தோசம் தெரியுமா? ஊரில் எல்லாரும் செய்கிறதைத்தான் நானும் செய்தேன். நெல் வந்ததும் குட்டியை நெல்லறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். அதே அறையின் மூலையில்தான் ஆட்டுக்குப் போடுகிற தவிட்டைச் சாக்கில் கொட்டிப் பரப்பி வைத்திருந்தேன். பூனை எலியைப் பிடித்தது, நன்றாகவே பிடித்தது. தவிட்டைக் கிண்டி அதற்குள்ளேயே இருந்து மூடியும் வைத்திருக்கிறது. மண்ணும் மணலும் இல்லாத அறைக்குள் அடைத்தால் அது வேறு எங்கே போகும்? நான் சுளகால் அள்ளி அள்ளிச் சினை மறிகளுக்குப் போட்டேன். அவை நன்றாக இருக்க வேண்டும் என்று மற்றவற்றைவிடக் கூடவே போட்டேன்.

சித்திரையில் தொடங்கியது. முதல் மறி குறைமாதத்தில் குட்டி போட்டது. மாடு இடித்திருக்கும் என்று அப்பா சொன்னார். பிறகு இன்னொன்று. பிறகு சோடியாகப் போட்டது ஒன்று. ஒரு குட்டி மயிரெல்லாம் வளர்ந்து முழுசாக இருந்தது, மூச்சு மட்டும் இல்லை. மற்றது வயிற்றுக்குள்ளேயே எப்போதோ செத்து, சுருங்கிக் காய்ந்து போயிருந்தது. குட்டிக்குப் பின்னால் விழுந்த இளங்கொடியில் தினை தூவினது போல வெள்ளைப் புள்ளிகள். உயிரோடு வந்த ஒன்றுக்கு எழும்பி நிற்கப் பலமில்லை, என் மடியிலேயே போய்விட்டது. தாய் மறிகளுக்கோ காய்ச்சல் இல்லை, தீனில் குறை இல்லை, குட்டியைத் தேடிக் கத்துகிறது மட்டும்தான். நீ வளர்த்த குட்டியின் பரம்பரை ஒவ்வொன்றாகப் புதைக்கிற கிடங்குக்குள் போகிறதைப் பார்த்துக்கொண்டு நான் உனக்குப் போனில் “எல்லாம் சுகம்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பிள்ளை வரப்போகிற வீட்டுக்கு இந்தக் கதையைச் சொல்ல வாய் வருமா?

மாமி வேலியடியில் நின்று பார்த்தார். அவருக்கு வாய் வந்தது. “தையிலை கால் வைச்சவள், சித்திரையிலை பட்டி அழியுது” என்றார். “போட்ட மறியளை இறைச்சிக்குக் குடுத்துத் துலை. அந்தப் பூனையைச் சாக்கிலை கட்டிச் சந்தையடியிலை விடு. வந்ததெல்லாத்தையும் வந்த வழிக்கு அனுப்பு.” மேகலாவின் பெயரை இழுத்தால் இனி இந்த வேலிக்கு இந்தப் பக்கம் கதை இல்லை என்று சொல்லிவிட்டு, மிருக வைத்தியருக்குப் போன் எடுத்தேன். ஸ்கூட்டரில் ஒரு இளம் டொக்டர், பெண்பிள்ளை, வந்தா. நல்ல பொறுமையானவா. இளங்கொடியைப் பார்த்தா, செத்த குட்டியிலிருந்து மாதிரி எடுத்தா, பிறகு பட்டியை விட்டுவிட்டு நேரே என் நெல்லறைக்குப் போனா. தவிட்டைக் கிளறிப் பார்த்துவிட்டு என்னை ஏசவில்லை. இது ஒரு ஒட்டுண்ணியாக இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாது, எலியைத் தின்கிற இளம் பூனையின் குடலில் பெருகி மலத்தோடு வெளியே வரும், தீனோடு சினை ஆட்டுக்குள் போனால் வயிற்றிலிருக்கிற குட்டியைத்தான் பிடிக்கும் என்று சொன்னா. பிறகு கையுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டா: “வீட்டிலை பிள்ளைத்தாச்சி ஆரும் இருக்கினமோ அம்மா?”

ஏன் என்று கேட்டேன். மனிசருக்கும் வரும், சாதாரண ஆட்களுக்குக் காய்ச்சல் போல வந்து போய்விடும், ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது முதல்தரமாகத் தொற்றினால் பிள்ளைக்குக் கூடாது, ஈனுகிற ஆட்டின் பக்கமும் அந்தத் தவிட்டின் பக்கமும் வரவே கூடாது என்றா. அந்த நேரம்தான் உன் போன் வந்தது. பொங்கலுக்கு வருகிறோம் என்கிறாய். வேலியடியில் மாமி காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறார். மேகலா கொண்டுவந்த பூனையால் என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் மாமிக்கு அது பொங்கல் சோறு. உனக்கோ, மருமகளில் பழி போடுகிறேன் என்று கேட்கும். டொக்டர் பிள்ளை வேறு, சொல்லுங்கோ, வர வேண்டாம் எண்டு சொல்லுங்கோ என்று கையைக் காட்டுகிறா. வராதேங்கோ என்று சொல்லிவிட்டு வைத்தேன். தையில் அவள் மடியில் பெட்டியோடு வந்தாளே, அப்போதே வயிற்றில் இருந்திருக்குமே என்றுதான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

இனித்தான் உனக்குத் தெரியாத கதை. அன்று பின்னேரமே மேகலாவுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். பூனையைப் பற்றியும் சொன்னேன், ஒளிக்கவில்லை. முழுவதையும் கேட்டாள். பிறகு, “சரிங்க அத்தை. நாளைக்கே கிளினிக்ல சொல்லி ரத்தம் பாக்குறேன். அவர்கிட்ட இப்ப சொல்லாதீங்க. பயந்து வேலைக்கும் போக மாட்டார். பதில் வரட்டும்” என்றாள். நீ என்னைப் பிழையாக நினைப்பாயே என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் அப்போது வேறு நினைப்பு இல்லை. கடைசியாக, “பூனைய வெரட்டிட்டீங்களா அத்தை?” என்று கேட்டாள். அந்தக் குரல் எனக்கு நெஞ்சுக்குள் தைத்தது. “அது இஞ்சைதான் நிக்குது, நிக்கும்” என்றேன். பூனையை விரட்டத் தேவையில்லை, ஒருதரம் வந்துபோனால் பிறகு அனேகமாகப் பரப்பாது, மறிகளையும் விற்க வேண்டாம், ஒருமுறை இழந்தது அடுத்த ஈற்றுக்கு நல்ல குட்டி போடும் என்று டொக்டர் பிள்ளை சொல்லியிருந்தா. நான் புதுத் தவிடு வாங்கி மூடிபோட்ட பெரிய தகரப் பரலுக்குள் வைத்தேன். பழைய தவிட்டை அப்பா கிடங்கு வெட்டிப் புதைத்தார்.

பதில் வரும்வரை நீ கோபத்தோடு இருந்தாய், மேகலா சிரித்துக்கொண்டு முன்பள்ளிக்குப் போனாள், நான் இங்கே போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தம்பி, ஒன்று சொல்கிறேன் கேள். நாளைக்கு நீயும் தகப்பன். பிள்ளை ஒரு நாள் உன்னிடம் கோபிக்கும், உனக்கு உண்மையைச் சொல்ல ஏலாமல் இருக்கும். அப்போது கோபத்தை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்கப் பழகு. அது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, வயிறு மட்டும் எரியும்.

மேகலாவின் ரத்தப் பரிசோதனைக்கு வந்தது நல்ல பதில். அந்தக் கிருமி இதுவரை அவள் உடம்புக்குள் போகவே இல்லை. அதனால்தான் இனியும் போகவிடக் கூடாது என்று அங்குள்ள டொக்டரும் சொல்லியிருக்கிறார். போனில் அழுதாள், நானும் அழுதேன். “இனி நீங்களே அவர்கிட்ட சொல்லுங்க அத்தை. நான் சொன்னா உங்களுக்காகப் பேசுறேன்னு நெனைப்பாரு” என்றாள். நீ போனை எடுத்தால்தானே சொல்ல.

நம் ஆடுகளின் பதிலும் வந்தது, டொக்டர் பிள்ளை சந்தேகப்பட்ட அதே கிருமிதான். டொக்டர் பிள்ளை அதைச் சொல்ல வந்தபோது மாமி வேலியடியில் நிற்கவில்லை. பொட்டுக்குள்ளால் இந்தப் பக்கம் வந்துவிட்டார். நான் கதிரையை இழுத்துப் போட்டேன், இருக்கவில்லை. டொக்டர் பிள்ளை சொல்லி முடிக்கும்வரை நின்று கேட்டார். பிறகு, எனக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில், “பிள்ளை, அந்தக் காலத்திலையும் இது இருந்ததோ?” என்று கேட்டார். “ஓம் அம்மா, இது பழைய கிருமி” என்றா டொக்டர் பிள்ளை. “எங்கட அவரின்ர வீட்டிலை பெரிய நெல்லறை. பூனையள் நிண்டது. நான்தான் கூட்டி அள்ளுறனான். வயித்திலை பிள்ளையோடையும் நான்தான்.”

உனக்குத் தெரியாது. மாமிக்குப் பிள்ளை இல்லை என்றுதான் நீ கேள்விப்பட்டிருப்பாய். ஒரு பெண்பிள்ளை, ஏழாம் மாதத்தில், உயிரில்லாமல் பிறந்தது. இவள் கால் வைத்த வீடு விளங்காது என்று புருசன் வீட்டார் சொல்லி, கட்டின சீலையோடு திருப்பி அனுப்பினார்கள். அப்பா போய்த்தான் கூட்டிவந்தார். அப்பா ஒருமுறை எனக்குச் சொன்னது, பிறகு இந்த வீட்டில் யாரும் கதைத்ததில்லை. டொக்டர் பிள்ளை மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு, “இவ்வளவு காலத்துக்குப் பிறகு அதை ஆராலும் சொல்ல ஏலாது அம்மா. அதாலையும் இருக்கலாம், வேற ஏதாலையும் இருக்கலாம். ஆனா உங்கட ராசியாலை இல்லை” என்றா. மாமி அப்போதுதான் கதிரையில் வந்து இருந்தார். “எனக்கு ஒருத்தரும் அப்பிடிச் சொல்லேல்லை” என்றார். நான் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தேன், அது ஆறிப்போய்க் கிடந்தது.

நான் பிரசவத்துக்கு வவுனியாவுக்கு வந்து உங்களோடு நிற்பதாக மேகலாவோடு கதைத்து வைத்திருக்கிறேன். ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றாது, பட்டிக்குப் போட்ட உடுப்பையும் செருப்பையும் இங்கேயே விட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு போனால் காணும் என்று டொக்டர் பிள்ளை சொன்னா. பொங்கலுக்கு அப்பா தனியப் போகட்டும், பட்டியையும் அவர் பார்ப்பார். இதை மாமிக்குச் சொன்னேன். அடுத்த நாள் விடிய அலுமாரிக்குள் இருந்த பழைய பருத்திச் சீலைகளையெல்லாம் அவித்துத் தோய்த்து, வேலி நீளத்துக்குக் காயப்போட்டிருந்தார். பிள்ளைக்குத் துணி கிழிக்க என்றார். பிறகு கண்ணைப் பார்க்காமல், “நானும் வரட்டோ? அந்தப் பிள்ளை விடுமோ?” என்று கேட்டார். மேகலாவிடம் கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. “வரச் சொல்லுங்க அத்தை, ரெண்டு பேரும் கட்டில்ல படுங்க, நாங்க கீழ படுக்கிறோம்” என்றாள். பிறகு, “ஆனா அவர்கிட்டயும் கேளுங்க” என்றாள்.

உன்னைக் கேட்பதுதான் மிச்சம். மாமி துணிகளை மடித்துப் பையில் வைத்துக் கட்டிவிட்டார். காலையில் ஒருக்கால், பின்னேரம் ஒருக்கால் வந்து, “தம்பி என்னவாம்?” என்று கேட்கிறார். மேகலா என்னவாம் என்று கேட்கவில்லை, நீ என்னவாம் என்றுதான் கேட்கிறார். உனக்கு வேலை கூட, ஆறுதலாகக் கதைப்பாய் என்று நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் நம்பவில்லை, நம்பின மாதிரித் தலையாட்டிவிட்டுப் போகிறார். வா என்று சொல்லவும் வராதே என்று சொல்லவும் உனக்கு உரிமை இருக்கிறது, நான் அதில் கை வைக்கமாட்டேன். எதைச் சொன்னாலும் எனக்குச் சொல்லாதே, மாமிக்குப் போன் எடுத்து உன் வாயால் சொல்லு.

அம்மா